சுரண்டாமல் அடித்த சிவப்பு

ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த காலையில், கேட்டைத் திறக்கப் போனவன் வாசல் பாதையின் மூன்றாவது கல்லில் ஒரு வெள்ளை வளைவைப் பார்த்தேன். விரல் நீளம்தான் இருக்கும். அந்த இடத்தில் மட்டும் சிவப்புப் பெயிண்ட் உரிந்து, அடியில் இருந்தது வெளியே தெரிந்தது. அது என்னவென்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் மனைவி போட்ட கோலம். அவள் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. கேட்டைத் திறக்காமலே திரும்பி வந்து படியில் உட்கார்ந்தேன். இருபத்தைந்து வருஷமாகப் பெயிண்டோடு மல்லுக்கட்டுகிற மனுஷன், பெயிண்ட் உரிந்ததைப் பார்த்து பயந்தான் என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை.

எங்கள் வீடு கவரைப்பேட்டையில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில். கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவில் ஒரு சின்னத் தோட்டம். மல்லி, செம்பருத்தி, கம்பளிப்பூச்சி விழுகிற ஒரு முருங்கை. அதன் ஊடே ஏழு கடப்பாக் கற்கள் பதித்த பாதை. நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புத் தொட்டி செய்கிற கம்பெனி ஒன்றில் பெயிண்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். என் மனைவியும் வேலைக்குப் போனவள்தான். அவளுடைய கம்பெனி பஸ் விடியும் முன்பே மெயின் ரோட்டுக்கு வந்து நின்றுவிடும். இட்லி ஊற்றி, டப்பா கட்டி, தலை வாரிக்கொள்ளவே நேரம் பற்றாது. அதற்கு நடுவில் கோலம் வேறு. அவசரமாகப் போட்டாலும், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது மாவு கரைந்து மண்ணோடு போய்விடும்.

“உங்க கம்பெனில எதுக்கும் ஆவாதுன்னு தள்ளி வைக்கிற பெயிண்ட்டு இருந்தா கேட்டு எடுத்தாங்களேன். ஒரே தபா போட்டுடறேன், வருசத்துக்கும் பேஜாரு இல்ல” என்றாள்.

தேதி முடிந்து ஒதுக்கிய எபாக்ஸி டப்பாவைக் கேட்டு வாங்கி வந்தேன். தொட்டிக்கு உள்பக்கம் அடிக்கிற வெள்ளைப் பெயிண்ட் அது. லேசில் போகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, சாக்பீஸில் புள்ளி வைத்து, அரை அங்குல பிரஷ்ஷால் ஏழு கல்லுக்கும் சேர்த்து ஒரே சிக்குக் கோலமாகப் போட்டாள். மூன்றாவது கல்லில் கோடு தவறான புள்ளியைச் சுற்றிவிட்டது. அழிக்க முடியாது. அதனால் எந்தக் கோலத்திலும் இல்லாத ஒரு சுழியை அங்கே சேர்த்து ஒப்பேற்றினாள்.

“எங்க கம்பெனியா இருந்தா இத்த ரிஜெக்ட் பண்ணியிருப்பேன்” என்றேன்.

“பண்ணுங்க. பண்ணிட்டு சோத்துக்கு வேற ஊடு பாத்துக்கங்க” என்றாள், தலையைத் தூக்காமல்.

எதிர் வீட்டு அம்மா அதற்குச் சோம்பேறிக் கோலம் என்று பெயர் வைத்தார். அவள் அதைக் கேட்டுச் சிரித்தாள். அமாவாசைதான் சங்கடம். எங்கள் வீட்டில் அமாவாசையன்று போனவர்களுக்குப் படைத்து, காக்கைக்குச் சோறு வைத்து முடிக்கும்வரை வாசலில் கோலம் கூடாது. பெயிண்டுக்கு அமாவாசை ஏது? மாதம் ஒரு காலை ஏழு கல்லின் மேலும் கோணிச் சாக்கு விரித்து மூடுவாள். காக்கை கத்திவிட்டுப் போனதும் சாக்கை உதறி எடுப்பாள். சாமியையே ஏமாத்தறியே என்று நான் கிண்டல் செய்வேன். அவள் காதில் வாங்க மாட்டாள்.

ஒன்பது வருஷம் அந்தக் கோலம் அப்படியே கிடந்தது. பிறகு அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. நாட்டு மருந்து, ஆங்கில மருந்து என்று அலைந்து, கடைசியில் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினொரு நாள் கழித்து டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஈரல் முழுக்கப் போய்விட்டது, வீட்டுக்கு அழைத்துப் போங்கள், இரண்டு நாள் தாங்கினால் அதிகம் என்றார். நல்ல மனுஷர். என் தோளில் கை வைத்துத்தான் சொன்னார். மறுநாள் காலை ஆம்புலன்ஸில் கொண்டுவருவதாக ஏற்பாடு. மகளை அவளிடம் விட்டுவிட்டு, நான் முன்கூட்டியே வீட்டுக்கு வந்தேன். மகள் அப்போது காலேஜ் முடித்து வீட்டில் இருந்தாள்.

வீட்டுக்குள் கால் வைக்கும்போதே திருவள்ளூரிலிருந்து என் அக்கா போன் செய்தாள். எங்கள் குடும்பத்தில் கல்யாணமோ சாவோ, அவள் சொல்கிறபடிதான் நடக்கும்.

“தம்பி, ஹால காலி பண்ணி வை. வாசல்ல அந்தக் கோலம் கீதே, அத்த மொதல்ல அழி. சாவு ஊட்டு வாசல்ல கோலம் இருந்தா ஊரே காறித் துப்பும்.”

“சாக்கு போட்டு மூடிக்கலாங்க்கா.”

“சாக்கா? தூக்கினு போறவங்க கால்ல சிக்கி வுழுந்தாங்கன்னா இன்னா பண்ணுவ? அந்த நேரத்துல பிரஷ்ஷ எடுத்துக்கினு உக்காருவியா? இப்பவே அடிச்சி வை. காயணும் இல்ல?”

அக்கா கெட்டவள் இல்லை. அழுதுகொண்டேதான் பேசினாள். நான் போனை வைத்திருக்கலாம். என் பெண்டாட்டி இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. வெளியிலிருந்து பெரிய பார்ட்டி பார்வையிட வருகிறது என்றால், முந்தின நாளே தரைக்கெல்லாம் பெயிண்ட் அடித்து, மஞ்சள் கோடு போட்டு, எல்லாவற்றையும் பளிச்சென்று வைத்துவிடுவோம். அந்தப் புத்தி எனக்கு எலும்புவரை ஊறியிருந்தது. அன்று மதியம் என் வீட்டைச் சாவுக்குத் தயார் செய்தேன். சோபாவை வெளியே இழுத்துப் போட்டேன். கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்தேன். ஷெட்டில் கிடந்த, இரும்புக்குப் பிரைமர் என்று அடிப்பூச்சாக அடிக்கிற சிவப்பு ரெட் ஆக்சைடு டப்பாவைத் திறந்து, பெரிய பிரஷ்ஷால் கேட்டிலிருந்து படிவரை ஏழு கல்லையும் அடித்து மூடினேன். நல்ல வெயில். ஒரு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிட்டது. எதையும் யோசித்த ஞாபகம் இல்லை. வேலை முடிந்ததும் பிரஷ்ஷைத் தின்னரில் கழுவி வைத்தேன். அதுதான் இன்றைக்கும் எனக்குத் தாங்கவில்லை. பெண்டாட்டி அங்கே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள், நான் இங்கே பிரஷ் கெட்டுவிடக் கூடாதே என்று கழுவியிருக்கிறேன்.

மறுநாள் ஆம்புலன்ஸ் தெருமுனையில் நின்றது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். கேட்டைத் தாண்டும்போது அவள் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் கீழே பார்த்தாள்.

“கோலம் எங்க?” என்றாள். குரல் சன்னமாக இருந்தாலும் தெளிவாகக் கேட்டது.

“அது பழசாயிடுச்சி. அங்கங்க பேந்துக்கினு இருந்துச்சி. புதுசா போடலாம்னு பிரைமர் அடிச்சி வச்சிருக்கேன். நீ எழுந்து நடமாட ஆரம்பிச்சதும் உன் இஷ்டத்துக்குப் போட்டுக்கோ.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “செரி” என்றாள். அவ்வளவுதான்.

இரண்டு நாள் என்றார்கள். இருபத்து மூன்று நாள் இருந்தாள். கஞ்சி குடித்தாள், டிவி பார்த்தாள், மகளோடு என்னவோ பேசிச் சிரித்தாள். நான் மறுநாளே வேலைக்குப் போக ஆரம்பித்தேன். விடிந்ததும் போனால் இருட்டிய பிறகுதான் வருவேன். கோலத்தைப் பற்றி அவள் திரும்பக் கேட்கவே இல்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இருபத்து மூன்றாம் நாள் மதியம், நான் கம்பெனியில் இருக்கும்போது போய்விட்டாள். மகள்தான் போன் செய்தாள். வந்தவர்கள் யாரும் வாசலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் முறைப்படி இருந்தது. அக்கா என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அந்த “செரி”தான் என்னைப் பிடித்துக்கொண்டது. என் பொய்யை நம்பிச் சொன்னாளா, அல்லது எல்லாம் தெரிந்தே சொன்னாளா? தெரிந்திருந்தால், தான் சாவதற்கு முன்பே புருஷன் தன்னைக் கணக்கில் தீர்த்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டே என் வீட்டில் இருபத்து மூன்று நாள் படுத்திருந்தாளா? ராத்திரி பகல் பாராமல் இதே கேள்வி. டிரெயினில் கேட்கும். கம்பெனியில் ஸ்பிரே கன் ஓடுகிற சத்தத்துக்கு நடுவிலும் அவள் குரல் கேட்கும், செரி என்று. திரும்பிப் பார்த்திருக்கிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

இந்த நிலைமையில்தான் அந்த வெள்ளை வளைவு வெளியே வந்தது. நான் செய்ததைக் கேட்டால் காறித் துப்பத் தோன்றும். மகள் பார்ப்பதற்குள் ஷெட்டுக்கு ஓடி, ரெட் ஆக்சைடை எடுத்து வந்து அதன் மேல் ஒரு பூச்சு பூசினேன். பத்து நாளில் அதுவும் உரிந்தது. கார்த்திகைக்குள் இரண்டாவது கல், ஐந்தாவது கல். கல்லின் மற்ற இடங்களில் சிவப்பு இரும்பு மாதிரிப் பிடித்திருந்தது. அவள் கோடு போன வழியில் மட்டும் உரிந்தது. மார்கழியில் ஊரெல்லாம் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது, துக்கம் கழியாத எங்கள் வாசலில் கோலம் தானாகவே முளைத்துக்கொண்டிருந்தது.

இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. காரணம் எனக்கே தெரியும். வெயில் பட்ட எபாக்ஸியின் மேல் வருஷம் போகப் போக மெல்லியதாக மாவு பூக்கும். அதைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்துவிட்டுத்தான் மேலே அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்தப் பெயிண்டும் நிற்காது. புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் நாளே நான் கற்றுக்கொடுக்கிற பாடம் அது. அன்று நான் சுரண்டவில்லை. இத்தனை தெரிந்திருந்தும், காலையில் புதிதாக ஒரு சுழி வெளியே வந்திருப்பதைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுவேன். அவள் ஒவ்வொரு கோடாக எழுந்து வருகிறாள் என்றுதான் தோன்றும்.

கல்லின் மேல் நடப்பதை விட்டுவிட்டேன். ஓரமாக மண்ணில் இறங்கிப் போனேன். மல்லிச் செடிகளை மிதித்து மிதித்து அங்கே தனியாக ஒரு தடம் விழுந்துவிட்டது. மகளும் எப்போதிலிருந்தோ அந்தத் தடத்தில்தான் நடந்தாள். அவள் அதற்குள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து எலெக்ட்ரிக் டிரெயினில் போய்வந்துகொண்டிருந்தாள். ஏன் மண்ணில் நடக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் என்னைக் கேட்கவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கல்லின் மேல் சிலிண்டரை உருட்டியபோது, அறிவு இருக்கா என்று கத்தினேன். கல்லு மேல உருட்டாம உன் தலை மேலயா உருட்டறது என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

சித்திரையில் வருஷ திவசம் முடிந்தது. இனிமேல் வாசலில் கோலம் இருக்கலாம். வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் வாளியும் ரப்பர் கையுறையுமாகத் தோட்டத்தில் இறங்கினேன். அந்தச் சிவப்பை முழுசாக எடுத்துவிட வேண்டும், அவள் கோடு ஒன்றுகூடக் கெடக் கூடாது. அவளிடம் கேட்க முடியாத மன்னிப்பை இப்படியாவது கேட்டுவிடலாம் என்று ஒரு நப்பாசை.

கிரைண்டரில் பிரஷ் மாட்டி ஓட்டினால் பத்து நிமிஷ வேலை. ஆனால் கோலமும் சேர்ந்து போய்விடும். பெயிண்ட் ரிமூவர் எபாக்ஸியையும் இளக்கிவிடும். காஸ்டிக் சோடாதான் சரி. ரெட் ஆக்சைடு எண்ணெய்ப் பெயிண்ட் என்பதால், காஸ்டிக் தண்ணீர் பட்டு அரை மணி நேரம் ஊறினால் சேறாக இளகும். எபாக்ஸிக்கு அது ஒன்றும் செய்யாது. செடிகளின் வேர்ப்பக்கம் பிளாஸ்டிக் தாள் போட்டு மறைத்துவிட்டு, ஒரு கல்லில் ஊற்றி, ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, மரக் கரண்டியால் வழித்து எடுத்தேன். கோட்டுக்கு ஓரத்தில் வரும்போது பழைய டூத் பிரஷ். அன்று இரண்டு கல்லுக்கு மேல் முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது.

மறு ஞாயிறு இன்னும் இரண்டு. மூன்றாவது கல்லில் அவள் ஒப்பேற்றிய சுழி வந்தபோது அங்கேயே உட்கார்ந்து அழுதேன். யார் பார்த்தால் என்ன என்று சத்தமாகவே அழுதேன்.

மூன்றாவது ஞாயிறு மகள் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, கையுறையைப் போட்டுக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். தேய்க்க ஆரம்பித்தாள். அம்மாவின் கை அவளுக்கு. கோட்டின் ஓரத்தில் அழுத்தாமல் தேய்த்தாள். ஏழாவது கல்லுக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது. இதற்கு மேல் தள்ளிப்போட எனக்குத் தெம்பு இல்லை.

“அம்மா வந்த அன்னிக்கு நான் பொய் சொன்னேன்டா. இது பிரைமர் இல்ல. புதுசா போடறதுக்கு அடிக்கல. அவ வர்றதுக்கு முந்தின நாளு, சாவுக்குன்னு அடிச்சது” என்றேன்.

மகளின் கை நிற்கவில்லை.

“தெரியும் நைனா.”

“உனக்கு யாரு சொன்னாங்க? அத்தையா?”

“அம்மாதான் சொன்னா.”

கையிலிருந்த மரக் கரண்டி நழுவி வாளிக்குள் விழுந்தது. அவள் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள்.

“வந்த அன்னிக்கே சொன்னா. நீ மருந்து வாங்கறதுக்குப் போயிருந்த. ‘பிரைமராம். பழச சொரண்டாம எங்கியாவது பிரைமர் அடிப்பாரா உங்கப்பா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எதுக்கெடுத்தாலும் மொதல்ல சொரண்டு, மொதல்ல சொரண்டுன்னு என் உசுர எடுத்தவரு. கோடு மேடா தெரியுது, அப்பிடியே பூசிக்கீறாரு. பாவம், பயந்துட்டாருடி. நீ ஒண்ணும் கேட்டுக்கீட்டு வைக்காத’ன்னா.”

நான் கையுறையைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

“அப்பறம் என்னைக் கோலம் போடச் சொன்னா. ‘நான் இன்னும் உசுரோடதான்டி கீறேன், வாசல் வெறுமனே கெடக்கக் கூடாது’ன்னா. மாவுலதான். தெனம் நீ கெளம்பிப் போனதும் போடுவேன். கட்டில ஜன்னல் பக்கம் திருப்பிக்கினு அங்கேர்ந்து பாப்பா. அந்தப் புள்ளிய வுட்டுட்ட, இந்தப் புள்ளிய வுட்டுட்டன்னு ஏதாவது சொல்லிக்கினே இருப்பா. செவப்பு மேல வெள்ள எடுப்பா கீதுன்னு சிரிப்பா. பொழுது சாயறதுக்குள்ள பெருக்கிடணும். ‘அப்பா பாத்தாருன்னா ஒடிஞ்சி பூடுவாரு, ஜாக்கிரதை’ன்னு தெனம் சொல்லுவா.”

“எத்தினி நாளு போட்ட?”

“எல்லா நாளும். ஞாயித்துக்கிழம கூட நீதான் வேலைக்குப் போனியே.”

அவள் தலையைத் தூக்காமலே கல்லைத் தேய்த்தபடி சொன்னாள்.

“கடைசி நாளு மட்டும் மதியமே பெருக்கினேன். அம்மா போனதும் மொதல்ல வெளிய வந்து கோலத்தப் பெருக்கினேன், நைனா. அதுக்கப்புறம்தான் உனக்கு போன் பண்ணேன்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கம்பெனியில் வேலை கிடையாது. அந்த இருபத்து மூன்று நாளும் ஓவர்டைம் என்று நான் சொன்னதெல்லாம் பொய். ஷிப்ட் முடிந்த பிறகும், ஞாயிறன்று காலையிலிருந்தே கூட, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்திருப்பேன். வருகிற வண்டியை எல்லாம் விட்டுவிட்டு, இருட்டிய பிறகுதான் ஏறுவேன். வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரே ஒரு நாள் நாலு மணி வண்டியில் ஏறியிருந்தால், என் வாசலில் கோலம் இருந்திருக்கும்.